ஈசிஆர் பக்கம் நீச்சல் குளத்தோடு வீடு எடுத்திருக்கிறீர்களா?

டொராண்டோவிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ சென்னைக்குக் குடிவந்து, ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் நீச்சல் குளத்தோடு வீடு அமைந்துவிட்டதா? பால் காய்ச்சின கையோடு குளத்துத் தண்ணீரைச் சோதிக்க ஒரு டெஸ்ட் கிட் வாங்கிவிடுங்கள். வீட்டுக்காரர், "வாரத்துக்கு ரெண்டு நாள் ஆள் வருவார், எல்லாம் பார்த்துக்குவார்" என்பார். ஆள் வருவார்தான். வலை போட்டு வேப்பிலையை அள்ளுவார், டப்பாவிலிருந்து வெள்ளைக் குளோரின் பவுடரை எடுத்து வீசுவார், கிளம்பிவிடுவார். அவரைக் குறை சொல்லவில்லை. அளந்து பார்க்க அவர் கையில் யாரும் எதையும் கொடுத்ததில்லை, அதுதான் தப்பு.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். இங்கே பெரும்பாலும் போர் தண்ணீர், இல்லையென்றால் டேங்கர் லாரி. இரண்டிலும் உப்பும் கடினத்தன்மையும் இருக்கும், சில இடங்களில் இரும்பும் இருக்கும். இரும்புள்ள தண்ணீரை நிரப்பி குளோரின் போட்டதும் சில மணி நேரத்தில் குளம் டீ நிறத்துக்கு வந்துவிடும். பயப்படாதீர்கள், அது அழுக்கு இல்லை, கரைந்திருந்த இரும்பு துருவாக மாறுகிறது. ஃபில்டரை விடாமல் ஓட்டி, நடுநடுவே பேக்வாஷ் கொடுத்தால், அதாவது ஃபில்டருக்குள் தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓட்டிக் கழுவினால், தெளியும்.

அளவுகள் இவ்வளவுதான்: பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.6, ஃப்ரீ குளோரின் (இன்னும் வேலை செய்யக்கூடிய குளோரின்) 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), ஆல்கலினிட்டி (பிஎச் சட்டென்று மாறாமல் பிடித்துவைக்கும் காரத்தன்மை) 80 முதல் 120 பிபிஎம். இதில் பிஎச்தான் பலரும் கவனிக்காமல் விடுவது. 7.2ல் இருக்கும்போது குளோரினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8க்கு ஏறிவிட்டால் கால் பங்குதான். அதனால் பிஎச்சைச் சரிசெய்யாமல் பவுடரை மட்டும் கொட்டுவது காசைத் தண்ணீரில் போடுவதுதான்.

சரி, ஷாக், அதாவது ஒரே தடவையில் நிறையக் குளோரின் போடுவது, எப்போது? பலத்த மழைக்குப் பிறகு, பாசி பிடித்து சுவர் வழவழப்பாக இருந்தால், அப்புறம் மூக்கில் குளோரின் வாடை ஏறி கண் எரியும்போது. வாடை அடிக்கிறதே, குளோரின் ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைப்போம். உண்மை நேர்மாறு: அது வியர்வை, சிறுநீர் இவற்றோடு கலந்து வீரியம் இழந்த குளோரினின் வாடை. டோட்டல் குளோரினில் ஃப்ரீ குளோரினைக் கழித்துப் பாருங்கள், 0.5க்கு மேல் வந்தால் ஷாக் கொடுக்க வேண்டும்.

கணக்கு கஷ்டமில்லை. 10 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழம் என்றால் 50,000 லிட்டர். 10 பிபிஎம் ஏற்ற 500 கிராம் குளோரின் வேண்டும். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடர் என்றால் சுமார் 770 கிராம். முன்பிருந்த ஊரில் காலன் கணக்கில் பழகியிருந்தால், இம்பீரியல் காலன் 4.546 லிட்டர், அமெரிக்க காலன் 3.785 லிட்டர், எது என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் போட வேண்டும், நம்ம ஊர் வெயில் காலையில் போட்டதை மதியத்துக்குள் தின்றுவிடும். பக்கெட்டில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அதில் பவுடரைப் போடுங்கள், பவுடர் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. குளோரின் மாத்திரை போட்ட டப்பாவையோ கரண்டியையோ இதற்குத் தொடாதீர்கள், இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆசிட் கேன் பக்கத்திலேயே இருக்கக் கூடாது, விஷவாயு வரும்.

இன்னொன்று, எங்கள் வீட்டில் நடந்தது. ஷாக் கொடுத்த மறுநாள் காலை டெஸ்ட் ட்யூபில் குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி மாத்திரையைப் போட்டேன். ஒரு நொடி இளஞ்சிவப்பு மின்னியது, அடுத்த நொடி வெறும் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் போனது. குளோரினே இல்லை என்று நினைத்து இன்னும் அரை கிலோ போட்டுவிட்டோம். அன்று சாயங்காலம் குளித்த என் மகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, நீச்சல் உடை வெளுத்துவிட்டது. குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது அந்த நிறத்தையே வெளுத்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. சந்தேகமாக இருந்தால் குளத்துத் தண்ணீர் ஒரு பங்கோடு குளோரின் இல்லாத கேன் தண்ணீர் நான்கு பங்கு சேர்த்துச் சோதித்து, வருவதை ஐந்தால் பெருக்குங்கள். ஃப்ரீ குளோரின் 3க்குக் கீழே இறங்கும்வரை பிள்ளைகளை இறக்காதீர்கள்.

குளோரின் மாத்திரையை மட்டுமே நம்பியிருந்தால் அதிலுள்ள சயனூரிக் அமிலம் சேர்ந்துகொண்டே போய் குளோரினைக் கட்டிப்போடும். அதைக் குறைக்க பாதித் தண்ணீரை மாற்றுவதுதான் வழி, அதையும் கோடையிலேயே முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலேறியிருக்கும். அந்த நேரத்தில் குளத்தைக் காலி செய்தால் அடியிலிருந்து நீர் முட்டித் தரை விரிசல் விடும், குளமே மேலே எழும்பவும் கூடும். மழை நாட்களில் நிரம்பி வழிவதை மட்டும் வெளியேற்றிவிட்டு, பம்பை ஓட்டி, வாரம் மூன்று முறை சோதித்துப் பாருங்கள்.