180 பேர், ஒரே குரூப்: பெரிய வகுப்பு எடுக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலாண்டு கணிதம். மூன்று பிரிவுகளைச் சேர்த்து ஒரே ஹாலில் 180 பேர். கடைசி பெஞ்சுகளில் உட்காருவது யார் யார் என்பதே பாதி செமஸ்டர் போன பிறகுதான் தெரியும். அதனால் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன், முதல் நாளே ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். அந்தக் குரூப்பில் செய்யக்கூடிய தப்பையெல்லாம் செய்து முடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

முதல் தப்பு, அறிவிப்புக்கும் பேச்சுக்கும் ஒரே இடம். "நாளைய இன்டர்னல் காலை 10 மணிக்கு இல்லை, மதியம் 2 மணிக்கு" என்று போடுகிறீர்கள். அதன் கீழே "ஓகே சார்", "நோட்டட் சார்", "தேங்க்யூ சார்", வரிசையாகக் கும்பிடும் கைகள், என்று எழுபது எண்பது செய்தி வந்து விழும். ராத்திரி போனைத் திறக்கிறவன் கண்ணுக்குப் படுவது கும்பிடு மட்டும்தான். மறுநாள் காலை 10 மணிக்கே வந்து பூட்டிய ஹால் வாசலில் நிற்பான், அவனைத் திட்டி என்ன பயன்? அட்மின் மட்டுமே எழுதலாம் என்று அமைப்பை மாற்றினால் இது ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆனால் அப்படி மாற்றிவிட்டு, சந்தேகம் கேட்க வேறு இடம் கொடுக்காமல் விட்டீர்கள் என்றால் நீங்கள் ஆரம்பித்தது நோட்டீஸ் போர்டு, அவ்வளவுதான். வாட்ஸ்அப் குரூப்பில் முன்பெல்லாம் 256 பேர்தான் இருக்க முடியும், 2022-இல் அது 512 ஆகி, அதே வருடம் 1024 ஆனது. இடம் இருக்கிறதே என்று மொத்தத் துறையையும் ஒரே குரூப்பில் அடைக்கத் தேவையில்லை. அப்போதே வந்த கம்யூனிட்டி வசதியில் மேலே ஒரு அறிவிப்புக் குரூப், கீழே முப்பது முப்பது பேராகச் சின்னக் குரூப்புகள் என்று பிரித்துக்கொள்ளலாம். முப்பது பேர் இருக்கிற இடத்தில் பேசுகிற பையன் 180 பேர் நடுவில் பேசமாட்டான்.

அடுத்தது போன் நம்பர். இதைத் தப்பு என்றே பலர் நினைப்பதில்லை, நானும் நினைக்கவில்லை. கவுன்சலிங்கில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத ஒரு மாணவி வகுப்பு முடிந்ததும் வந்து, "சார், குரூப்ல இருந்து நான் வெளிய போயிடலாமா?" என்று கேட்டாள். ஏன் என்று கேட்டேன், பதில் இல்லை. எங்கள் துறை மேடம் தனியாகக் கூப்பிட்டுப் பேசிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு யார் என்றே தெரியாத நம்பரிலிருந்து "ஹாய்", அப்புறம் "டிபி சூப்பர்", பதில் வராவிட்டால் மிஸ்டு கால். நம்பர் அவனுக்குப் போன வழி என் குரூப்தான். பாடம் சொல்லித்தரக் கூட்டின இடத்தில், கேட்காமலேயே அறுபது எழுபது பெண்களின் நம்பரைப் பொதுவில் வைத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அறிவிப்பு மட்டும்தான் தேவை என்றால் வாட்ஸ்அப் சேனல் போதும். இந்தியாவில் அது செப்டம்பர் 2023-இல் வந்தது, பின்தொடர்கிறவர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது. டெலிகிராமில் நம்பரை யாருக்கும் காட்டாதே என்று அவரவரே அமைத்துக்கொள்ளலாம், அதை முதல் வகுப்பிலேயே ஐந்து நிமிடம் ஒதுக்கி எல்லோரையும் செய்ய வையுங்கள். அப்புறம் குரூப்பில் சேருவதற்கான லிங்க். ஒரு பையன் நல்லெண்ணத்தில் அதை ஸ்டேட்டஸில் வைப்பான், மாலைக்குள் சீனியர்கள் நான்கு பேர் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். பொதுவெளியில் கிடந்த இப்படிப்பட்ட லிங்குகள் கூகுள் தேடலிலேயே அகப்பட்டது 2020 பிப்ரவரியில் செய்தியானது. அட்மின் ஒப்புதல் இல்லாமல் யாரும் சேர முடியாதபடி வையுங்கள், எல்லோரும் வந்து சேர்ந்ததும் லிங்கை ரீசெட் செய்யுங்கள். சீனியர்கள் ஜூனியர்களை வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்து மிரட்டுவதும் ராகிங்தான் என்று யுஜிசி 2025-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ராகிங் உதவி எண் 1800-180-5522, குரூப்பின் விவரப் பகுதியில் அதைப் போட்டு வைப்பதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சரி, சந்தேகம் கேட்க இடம் கொடுத்தாயிற்று, யாரும் கேட்கவில்லை. "டவுட் இருந்தா கேளுங்க" என்று போட்டுவிட்டு, பதில் வராததைப் பார்த்து எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் நம்முடைய அடுத்த தப்பு. வகுப்பில் கை தூக்கக் கூச்சப்படுகிறவனுக்குக் குரூப்பில் இன்னும் கூச்சம், ஏனென்றால் வகுப்பில் கேட்ட அசட்டுக் கேள்வி காற்றோடு போய்விடும், இங்கே ஸ்கிரீன்ஷாட் ஆகும். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவனுக்கு இங்கிலீஷில் எழுத வேண்டுமே என்ற பயம் வேறு. நீங்களே முதலில் தமிழிலோ தங்கிலீஷிலோ ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

"புரிந்ததா, இல்லையா" என்று வாக்கெடுப்பு வைத்தும் பார்த்தேன். எல்லோருக்கும் புரிந்திருந்தது! வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்று பெயரோடு பார்க்கலாம் என்பது பையன்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. டெலிகிராமில் பெயர் தெரியாமல் வைக்க முடியும். பெயரும் மின்னஞ்சலும் கேட்காத கூகுள் ஃபார்ம் இன்னும் எளிது, நான் வாரம் ஒன்று வைக்கிறேன், கேட்பது ஒரே கேள்வி: இந்த வாரம் எந்த இடத்தில் விட்டுப்போனது? 2009-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகத்தில் மோனிகா ராங்கின் என்ற வரலாற்றுப் பேராசிரியர், சுமார் 90 பேர் கொண்ட வகுப்பின் விவாதத்தை ட்விட்டரில் நடத்திப் பார்த்தார். மாணவர்கள் 140 எழுத்துக்குள் எழுதியது வகுப்பிலேயே திரையில் ஓடியது. அதில் எனக்குப் பிடித்தது, அது வகுப்பு நேரத்துக்குள்ளேயே நடந்தது என்பதுதான். நாமோ வகுப்பில் மூன்று பேரோடு பேசிவிட்டு, மிச்சத்தை ராத்திரி அவர்கள் சாப்பிடும் நேரத்துக்குத் தள்ளுகிறோம்.

மார்க் லிஸ்ட்டைக் குரூப்பில் போடாதீர்கள். ரோல் நம்பர் மட்டும்தானே என்று சொல்லாதீர்கள், யாருடைய ரோல் நம்பர் எது என்று வகுப்புக்கே தெரியும். 75 சதவீதத்துக்குக் கீழே வருகை உள்ளவர்கள் பட்டியலும் அப்படித்தான்.

யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்று நீல டிக்கைப் பார்த்து மறுநாள் விசாரணை வைக்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். பாதிப் பேர் குரூப்பைத் திறப்பதையே நிறுத்திவிட்டார்கள், மீதிப் பேர் மியூட்.

அசைன்மென்ட் விஷயத்தில் எது கூட்டாகச் செய்யலாம், எது கூடாது என்று முன்கூட்டியே சொல்லாமல் விடுவதும் பெரிய சிக்கல். மாணவர்கள் நாம் இல்லாத குரூப் ஒன்று கட்டாயம் வைத்திருப்பார்கள், வைத்திருக்கட்டும். 2008-இல் டொரன்டோவின் ரையர்சன் பல்கலைக்கழகத்தில் (இப்போது பெயர் மாறிவிட்டது) வேதியியல் வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பேச மாணவர்கள் ஃபேஸ்புக்கில் ஒரு குழு வைத்திருந்தார்கள், 146 பேர். தனியாகச் செய்ய வேண்டிய வேலை அது. குழுவை நடத்திய முதலாண்டு மாணவர் மீது 147 குற்றச்சாட்டு, நடத்தியதற்கு ஒன்று, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. பல்கலைக்கழகத்தை விட்டே அவரை நீக்குகிற வரைக்கும் பேச்சுப் போய், கடைசியில் அந்த வேலைக்கு மட்டும் பூஜ்யம் என்று முடிந்தது. அந்தக் குழு நகலடித்ததா, லைப்ரரி மேஜையைச் சுற்றி உட்கார்ந்து படிப்பதுபோல் படித்ததா என்பதுதான் அங்கே வழக்கே. நம் குரூப்களில் இந்தக் கேள்வி வாரா வாரம் வருகிறது, நாம் கண்டுகொள்வதில்லை.

இன்ஸ்டாகிராமில் மாணவர்களை நீங்கள் பின்தொடர வேண்டாம். அவர்கள் உங்களைத் தொடர்ந்தால் தொடரட்டும். முதலாண்டில் பதினேழு வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தனிச் செய்தியில் பேசுகிற வேலையே வேண்டாம்.

இன்னொன்று, எல்லோரிடமும் எந்நேரமும் போன் இருக்கிறது என்று நினைப்பது. அண்ணன் போனை ராத்திரி வாங்கிப் பார்க்கிற பிள்ளைகள் இன்றும் என் வகுப்பில் உண்டு. கடைசிச் சுற்றுக் கவுன்சலிங்கில் தாமதமாக வருகிறவர்களுக்கும், நேராக இரண்டாம் ஆண்டில் சேருகிற டிப்ளமோ மாணவர்களுக்கும் வாட்ஸ்அப் குரூப்பின் பழைய செய்திகள் தானாகத் தெரிவதில்லை. முக்கியமானதை வகுப்பிலும் ஒருமுறை வாயால் சொல்லுங்கள், நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுங்கள்.

செமஸ்டர் முடிந்ததும் ஒரு தேதி சொல்லிக் குரூப்பை மூடிவிடுங்கள். நான் மூடாமல் விட்ட 2019 குரூப் இன்னும் உயிரோடு இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து வரும், நடுவில் யாராவது கல்யாணப் பத்திரிகை போடுவார்கள். போன வாரம் ஒருவன் பழைய பல்சரை விற்பனைக்குப் போட்டிருந்தான், அதன் கீழே எட்டுப் பேர் "ஓகே சார்".