மகளின் உயரம் குறைந்த கதை

போன மாதம் கிளினிக் கொப்பியில் மூன்றரை வயது மகளின் உயரம் 96 சென்ரிமீற்றர். வீட்டில் அளந்தபோது 94. இரவெல்லாம் எனக்கு நித்திரை இல்லை.

மறுநாள் திருநெல்வேலிச் சந்தைக்குப் போன கையோடு, மேசன்மார் வைத்திருக்கும் உருக்கு நாடா ஒன்றை வாங்கி வந்தேன். நான் அளந்தது அம்மம்மாவின் தையல் நாடாவால். இரண்டையும் சீமெந்து நிலத்தில் அருகருகே விரித்தேன். துணி நாடாவின் 100 என்ற கோடு, உருக்கு நாடாவில் 101.5இல் நின்றது! வருடக்கணக்காக இழுபட்டு நீண்டிருக்கிறது. நீண்ட நாடா பிள்ளையைக் குட்டையாகத்தான் காட்டும்.

மிச்சம் என் கைப்பிழை. கதவு நிலையில் சாய்த்துக் கண்மதிப்பில் கோடு போட்டிருந்தேன். இப்போது உருக்கு நாடாவைச் சுவரில் நிலத்திலிருந்து நேராக ஒட்டிவிட்டேன். செருப்பில்லை, கொண்டை அவிழ்த்தாயிற்று, குதிக்கால் சுவரோடு. காதுத் துவாரமும் கண்ணின் கீழ் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நாடியைத் தூக்கினால் அளவு பிழைத்துவிடும். தச்சரின் மூலைமட்டத்தைச் சுவரோடு அழுத்தி, உச்சந்தலை தொடும்வரை மெல்ல இறக்குகிறேன். மூன்று தரம் அளந்து நடு எண்ணை எழுதுகிறேன்.

எப்போதும் காலையில்தான். மாலைக்குள் முள்ளந்தண்டு சற்று அமிழ்ந்து உயரம் குறையும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்கவைத்தே அளக்க வேண்டும்.

இன்று காலை 96.3.