பார்த்தால் ஹாஃப் பாயில், சாப்பிட்டால் மாம்பழம்

தட்டில் ஒரு ஹாஃப் பாயில், மேலே மிளகு தூவியிருக்கிறது. ஸ்பூனால் குத்தினால் மஞ்சள் கரு மெல்ல வழிகிறது, வாயில் வைத்தால் மாம்பழமும் பாலும்! சாப்பிடுபவரின் முகம் அந்த ஒரு நொடியில் மாறுவதைப் பார்க்கவே நான் இந்த மாதிரி இனிப்புகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன். ஓவன் வேண்டாம், அடுப்பும் ஃபிரிட்ஜும் போதும்.

இது புது விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் சுவடி ஒன்றிலேயே பொய் முட்டை செய்முறை இருக்கிறது. கிறிஸ்தவர்களின் தவக்கால நோன்பில் முட்டை சாப்பிடக் கூடாது என்பதால், காலி முட்டை ஓட்டுக்குள் பாதாம் பாலை நிரப்பி, கருவுக்குக் குங்குமப்பூவால் நிறம் ஏற்றியிருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதில்தான் நிற்கிறது. எல்லோரும் நிறத்துக்காக மெனக்கெடுகிறார்கள், ஆனால் கண் ஏமாறுவது பளபளப்பிலும் கோணல்மாணலிலும். கச்சிதமான வட்டத்தில் வெள்ளையும் நட்டநடுவில் மஞ்சளும் வைத்தால் அது பொம்மை முட்டை. ஒரு பக்கம் வழிந்து, கரு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, ஓரம் லேசாக முறுகியிருந்தால்தான் முட்டை. அதனால் எதைச் செய்யப் போகிறீர்களோ அந்த உண்மையான பண்டத்தை ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள், எங்கே மினுக்குகிறது, எங்கே மங்கல், எங்கே கருகல் என்று.

சரி, முட்டைக்கு வருவோம். வெள்ளைக்கு 250 மி.லி. பால், 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, 2 கிராம் சைனா கிராஸ் (அகர் அகர்) பொடி. மூன்றையும் குளிர்ந்த நிலையிலேயே கலந்து அடுப்பில் வைத்து, கொதி வந்த பிறகு 2 நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். இந்த 2 நிமிடத்தைச் சுருக்க வேண்டாம், சைனா கிராஸ் முழுதாகக் கரைய கொதிநிலைச் சூடு வேண்டும், அரைகுறையாக விட்டால் மணல் மாதிரி நறநறக்கும். இறக்கி, ஆவி அடங்கியதும் தட்டையான தட்டில் கரண்டியால் ஒரே இடத்தில் ஊற்றுங்கள், அது தானாகப் பரவட்டும், நீங்கள் வட்டம் பிடிக்கப் போகாதீர்கள். 40 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போதே இறுகத் தொடங்கிவிடும் என்பதால் ரொம்ப நேரம் ஆறவிட்டால் பாத்திரத்திலேயே கட்டியாகிவிடும்.

கருவில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாம்பழக் கூழையும் சைனா கிராஸையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைத்தால் பழத்தின் புளிப்பு அதன் இறுகும் சக்தியைக் குறைத்துவிடும். 75 மி.லி. தண்ணீரில் ஒன்றரை கிராம் பொடியைத் தனியாகக் கொதிக்கவைத்துக் கரைத்து, பிறகு 100 மி.லி. கூழில் ஊற்றிக் கலக்குங்கள். கூழ் ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்ததாக இருக்கக் கூடாது, குளிர் பட்ட இடத்திலேயே சைனா கிராஸ் திப்பிதிப்பியாகிவிடும். குழிவான டேபிள்ஸ்பூன்களில் ஊற்றி இறுகவிட்டால் அரை உருண்டைகள் கிடைக்கும். வழியும் கரு வேண்டுமென்றால் உருண்டையின் அடிப்பக்கத்தை டீஸ்பூனால் குடைந்து, அதில் கெட்டியான வெறும் கூழை நிரப்பி, சட்டென்று வெள்ளையின் மேல் கவிழ்த்துவிடுங்கள்.

இப்போது பளபளப்பு. லேசாகச் சூடாக்கிய தேனைப் பிரஷ்ஷால் கருவின் மேல் மட்டும் தடவுங்கள், வெள்ளையின் மேல் வேண்டாம். ஓரத்துக்கு ஒரு சிட்டிகை கோகோவை இரண்டு சொட்டு வெந்நீரில் குழைத்து, விட்டுவிட்டுத் தொட்டு வையுங்கள். மிளகுக்கு, கறுப்பு நிற கிரீம் பிஸ்கட்டின் கிரீமை வழித்துவிட்டு ஒன்றிரண்டாக நசுக்கினால் போதும்.

சைனா கிராஸுக்குப் பதில் ஜெலட்டின் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், வாயில் இன்னும் மென்மையாகக் கரையும். ஆனால் அது வெயில் நாளில் மேசையிலேயே இளகிவிடும், சைனா கிராஸோ இறுகிய பிறகு 85 டிகிரி வரை அசையாது. கூடவே, பச்சையான அன்னாசி, கிவி, பப்பாளி மூன்றிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. ஜெலட்டின் புரதம் என்பதால் அவற்றோடு சேர்த்தால் இறுகவே இறுகாது. சைனா கிராஸ் கடற்பாசியிலிருந்து வருவது, அந்தத் தொல்லை இல்லை, சைவம் சாப்பிடுபவர்களுக்கும் கொடுக்கலாம்.

அடுத்து என் மனதுக்கு மிகவும் பிடித்தது, சாக்லேட் சலாமி. இத்தாலியிலும் போர்ச்சுகலிலும் காலங்காலமாகச் செய்யும் இனிப்பு இது, வெட்டி வைத்தால் கொழுப்புத் துண்டுகள் தெரியும் சலாமி என்ற பதப்படுத்திய இறைச்சி உருளையின் வில்லை மாதிரியே இருக்கும். 200 கிராம் சாதாரண பிஸ்கட்டைக் கையால் உடையுங்கள், மிக்ஸியில் போட்டால் பொடியாகிவிடும், அப்புறம் வெட்டும்போது வெள்ளைப் புள்ளிகளே தெரியாது. நகம் அளவு துண்டு சில, அதில் பாதி சில, கொஞ்சம் தூள் என்று கலந்து இருக்கட்டும். 150 கிராம் டார்க் சாக்லேட்டையும் 80 கிராம் வெண்ணெயையும் ஒன்றாக உருக்கி, 4 டேபிள்ஸ்பூன் கண்டென்ஸ்டு மில்க் சேர்த்து பிஸ்கட்டைப் புரட்டுங்கள். பழைய செய்முறைகளில் பச்சை முட்டை சேர்ப்பார்கள், அதற்குப் பதிலாகத்தான் கண்டென்ஸ்டு மில்க், பயமில்லாமல் குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். பிளாஸ்டிக் உறையில் உருளையாகச் சுற்றி, இரண்டு முனையையும் மிட்டாய் மாதிரி முறுக்கி, ஃபிரிட்ஜில் குறைந்தது 4 மணி நேரம். வெளியே எடுத்து ஐசிங் சுகரில் உருட்டி, அதிகப்படியைக் கையால் தட்டிவிட்டால் நிஜ சலாமியின் வெள்ளைத் தோல் அப்படியே வந்துவிடும். சமையல் நூலால் கட்டினால் இன்னும் அழகு.

ஸ்பகெட்டி ஆசை இருந்தால் வெனிலா ஐஸ்கிரீமை நூல்நூலாகப் பிழியுங்கள். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் டாரியோ ஃபொன்டனெல்லா 1969இல் கொண்டுவந்த யோசனை இது: அடியில் விப்டு கிரீம், மேலே பிழிந்த ஐஸ்கிரீம், தக்காளி சாஸுக்கு ஸ்ட்ராபெரி, சீஸ் துருவலுக்கு வெள்ளைச் சாக்லேட் துருவல். வெற்றி முழுக்கக் குளிரில் இருக்கிறது. அச்சு, தட்டு இரண்டையும் முந்தைய நாளே ஃப்ரீசரில் வையுங்கள், ஐஸ்கிரீம் கல்லாகவும் இருக்கக் கூடாது, தளரவும் கூடாது, ஸ்பூன் அழுத்தினால் உள்ளே போகும் பதம். பிழிந்த கையோடு பரிமாற வேண்டும்.

ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் சுலபம். கடையில் வாங்கிய வெண்ணெய் கேக்கைப் பழுப்பு மேல்பாகத்தோடு விரல் தடிமனில் வெட்டி, காய்ந்த தவாவில் இரண்டு பக்கம் மட்டும் லேசாக வாட்டுங்கள், நீளம் ஒரே மாதிரி வேண்டாம். சர்க்கரை தூவினால் உப்பு. கெட்ச்அப்புக்கு ஸ்ட்ராபெரியைச் சர்க்கரையோடு வேகவைத்து, விதை போக வடிகட்டி, மறுபடி கெட்டியாகும் வரை காய்ச்சுங்கள். விதை ஒன்று தெரிந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வெள்ளைச் சாக்லேட்டுக்கு நிறம் ஏற்றுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஒரு முறை சீஸ் துண்டு செய்யப் போய், சாதாரண திரவ நிறத்தை நான்கு சொட்டு விட்டேன், கண்ணெதிரே முழுக் கிண்ணமும் திரிந்து களிமண்ணாகிவிட்டது. உருகிய சாக்லேட்டுக்குத் துளி தண்ணீர் ஆகாது, எண்ணெயில் கரையும் நிறம்தான் வேண்டும், கிண்ணமும் கரண்டியும் ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும். அப்படித் திரிந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டாம், சூடான பால் அல்லது கிரீம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்தால் சாஸாகத் திரும்பிவிடும். அச்சில் வார்க்க மட்டும் ஆகாது.

பரிமாறும்போது ஒரு விஷயத்தில் விளையாடவே கூடாது. முட்டை மாதிரி இருப்பதில் பால் இருக்கிறது, இறைச்சி மாதிரி இருப்பதில் கோதுமை இருக்கிறது, பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பால், கோதுமை, கொட்டைகள் ஒத்துக்கொள்ளாதவர்களும் சர்க்கரை குறைக்க வேண்டியவர்களும் வந்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டு, அவர்களிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள். உண்மையான சாப்பாடு இருக்கும் மேசையில் இதைக் கலந்து வைக்கவும் வேண்டாம், காரத்தை எதிர்பார்த்துக் கடித்தவருக்குத் தித்திப்பு பட்டால் பலருக்குக் குமட்டும். சாப்பாடு முடிந்து, தட்டுகள் எடுத்த பிறகு கொண்டு வாருங்கள்.

முட்டையை முந்தைய நாளே செய்து மூடி வைக்கலாம். சைனா கிராஸ் நேரம் ஆக ஆகக் கொஞ்சம் நீர் விடும், பரிமாறுவதற்கு முன் ஓரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். தேன், கோகோ, பொய் மிளகு மூன்றும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான். சலாமியை மட்டும் வெட்டாமல் பலகையோடு மேசைக்குக் கொண்டுபோய், எல்லோரும் பார்க்கும்போது முதல் வில்லையை வெட்டுங்கள்.