ஈடேலிலிருந்து கிண்டர் ஸ்கவுட்: குழு நடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட்டில், ஈடேல் ரயில் நிலையத்தில் இறங்கி ஜேக்கப்ஸ் லாடர் ஏற்றம் வழியாகக் கிண்டர் ஸ்கவுட் மேட்டைத் தொட்டுத் திரும்புவது ஒரு நாள் நடைக்கு அருமையான பாதை. வழிகாட்டி இருந்தும் குழுக்கள் இங்கே தடுமாறுவதற்குப் பெரும்பாலும் நேரக் கணக்குதான் காரணம்.

மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக அரை மணி என்பது 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த கணக்கு. சுற்று 14 கிலோமீட்டர், ஏற்றம் 400 மீட்டர் என்றால் மூன்றரை மணி நேரம் வரும். அது நிற்காமல் நடக்கும் தனி ஆளுக்கு. 20 பேர் வேலியின் மரப்படியை ஆளுக்கு அரை நிமிடத்தில் தாண்டினாலே 10 நிமிடம் போய்விடும். ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். டிசம்பர் கடைசியில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைவதால், காலை ஒன்பதரையைத் தாண்டிக் கிளம்பக் கூடாது.

அடுத்தது ஓய்வு. முன்னே போனவர்கள் நின்று காத்திருப்பார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. இது கொடுமை, ஆபத்தும்கூட: களைத்த கால்தான் இறக்கத்தில் சறுக்கும். கடைசி ஆள் வந்த பிறகு ஐந்து நிமிடம் எண்ணுங்கள். பாதை தெரிந்த ஒருவர் எப்போதும் வால்பக்கம் வரட்டும். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் தலை எண்ணுங்கள். மேலே கரிமண் சதுப்பில் மூடுபனி இறங்கினால் சற்றுத் தள்ளி நடப்பவரே தெரியமாட்டார்.

மேய்ச்சல் நிலத்தின் வாயிற்கதவைப் பின்னால் வருபவர் சாத்துவார் என்று எல்லோரும் நினைப்பதால்தான் ஆடுகள் வெளியேறுகின்றன. அதுவும் வால் ஆளின் பொறுப்பு. திறந்திருந்த கதவைத் திறந்தே விட வேண்டும். ஆடுமாடுகள் தண்ணீருக்குப் போக உழவர் திறந்து வைத்திருக்கலாம்.

பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே நுழையாதீர்கள். மாடு துரத்தினால் உங்களோடு வரும் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிவிடும், உங்களால் முடியாது.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் உலராது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும்.

யாராவது அடிபட்டால் அவசர உதவி எண் 999-ல் போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். செல்போன் சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.