ரேட்டிங் போட்டி ஆடும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குகேஷ் உலகப் பட்டம் வென்றதைப் பார்த்துப் பிள்ளையைச் சதுரங்கத்தில் சேர்த்த டெல்லித் தமிழ்ப் பெற்றோர், ஆர்.கே.புரத்திலும் சரி, மயூர் விஹாரிலும் சரி, பயிற்சியாளரிடம் முதலில் கேட்பது எந்தெந்த ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசை) சொல்லித் தருவீர்கள் என்பதைத்தான். பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை ஓப்பனிங்கை மனப்பாடம் செய்வதில் கரைப்பதே முதல் தவறு. மற்றவற்றுள் பல இதிலிருந்து கிளைப்பவை.

அந்தப் பட்டத்தை முடிவு செய்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த 14ஆவது ஆட்டம் டிராவை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. 55ஆவது நகர்த்தலில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரென் தம் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். யானைகளை வெட்டிக்கொண்டு, அடுத்து மந்திரிகளையும் மாற்றிக்கொள்ள குகேஷுக்கு அது வழிவிட்டது. எஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் உள்ள நிலை, அதில் குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். பட்டத்தை முடிவு செய்தது ஓப்பனிங் அல்ல, இந்த இறுதிக்கட்ட ஆட்டம்தான்.

உங்கள் பிள்ளையிடம் ஒரு நிலையைப் பலகையில் வைத்துக் காட்டுங்கள்: வெள்ளை ராஜா இ5, வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. வெள்ளை ஆட வேண்டிய முறையென்றால் டிரா. கறுப்பு ஆட வேண்டிய முறையென்றால் வெள்ளைக்கு வெற்றி. ஏன் என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்குச் சிசிலியன் தற்காப்பு என்ற ஓப்பனிங்கின் இருபதாவது நகர்த்தல் எதற்கு?

இரண்டாவது தவறு, தோற்ற ஆட்டத்தை உடனே இஞ்சினிடம் (நகர்த்தல்களை மதிப்பிடும் சதுரங்க மென்பொருள்) ஒப்படைப்பது. அரங்கை விட்டு வெளியே வந்ததும் அப்பாவின் போனில் நகர்த்தல்களைத் தட்டி, எங்கே மதிப்பு சரிந்தது என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். தவறு நடந்த இடம் தெரிகிறது; அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது என்பது தெரிவதில்லை. குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆகும் காலம் வரை இஞ்சினிலிருந்து அவரை விலக்கியே வைத்திருந்தார். அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஆடும்போது நகர்த்தல்களை எழுதும் தாளில், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் மீதமுள்ள நேரத்தைக் குறித்துவரச் சொல்லுங்கள். விதி அதை அனுமதிக்கிறது. எங்கே பதினைந்து நிமிடம் யோசித்தான், எங்கே யோசிக்காமலே ஆடினான் என்பதை வைத்து அவனே நோட்டில் காரணம் எழுதிய பிறகு இஞ்சினைத் திறக்கட்டும்.

விதிகளில் சறுக்குவது ஏராளம். கோட்டை கட்டும்போது (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்தும் காஸ்லிங்) ராஜாவை முதலில் தொட வேண்டும். யானையைத் தொட்டுவிட்டு ராஜாவைத் தொட்டால் அந்த முறை அந்தப் பக்கம் கோட்டை கட்ட முடியாது. ஆடுவதற்கு முன்பே நகர்த்தலை எழுதிவைக்கக் கூடாது. டெல்லியின் ஜனவரிக் குளிரில் ஜாக்கெட்டின் உள்பையில் மறந்துபோன போன், நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தையே பறித்துவிடும்.

ரேட்டிங்கைப் பொத்திப் பாதுகாப்பதும் தவறே. 18 வயதுக்குட்பட்டு, 2300க்குக் கீழே இருப்பவருக்கு கே எண் (ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறலாம் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 40. சமமான ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் 20 புள்ளி போகும், வென்றால் அதே 20 வரும். அதாவது இந்த வயதில் ரேட்டிங் வேகமாக ஏறி இறங்கத்தான் செய்யும். புள்ளி குறையுமே என்று போட்டிகளைத் தவிர்க்கும் பிள்ளை, தன்னைவிட வலுவானவர்களோடு ஆடும் வாய்ப்பைத்தான் இழக்கிறான்.

சென்னையில் இருந்திருந்தால் இவன் எங்கேயோ போயிருப்பான் என்ற அங்கலாய்ப்பை (நம் வீடுகளில் இது தினசரிப் பாட்டு) பிள்ளையின் காதுபடச் சொல்லாதிருப்பது நல்லது. 2000ஆம் ஆண்டு ஆனந்த் முதன்முறை உலகப் பட்டம் வென்ற போட்டியில், தெஹ்ரானில் நடந்த இறுதிச் சுற்று நீங்கலாக மற்றவை இந்தப் புதுடெல்லியில்தான் நடந்தன. சுற்றுகளுக்கு இடையிலான இடைவேளையில் தோல்விக்குக் காரணம் கேட்டுக் குடைவதையும் விட்டுவிடுங்கள். சாப்பாடும் அரைமணி நேர ஓய்வும் போதும், விசாரணையெல்லாம் வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்த பிறகு.