முழங்காலில் வெட்டுக்காயமா? கட்டுப் போடும் முன் இதைப் பாருங்கள்

மணல் சிந்திக் கிடக்கும் வைகைக் கரை ரோட்டில் பைக் சறுக்கினாலும் சரி, தோட்டத்தில் அரிவாள் தவறிப் பட்டாலும் சரி, மதுரைப் பக்கம் யாராவது ஒரு அத்தை காப்பித்தூளோடு ஓடிவந்துவிடுவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பொடியை அப்பிவிட்டால் காயத்தின் ஆழம் தெரியாது, ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டிக் கழுவும்போது கத்தப்போவது அத்தை இல்லை.

முதலில் ரத்தம். சுத்தமான துணியை மடித்து வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தமும் துணியோடு வந்துவிடும். துணி நனைந்தால் மேலேயே இன்னொன்று. அப்படியும் நிற்கவில்லையென்றால் 108.

நின்றதும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், சுற்றிலும் சோப்பு. டெட்டாலை அப்படியே ஊற்ற வேண்டாம், சதையைப் புண்ணாக்கும். மேலாக ஒட்டிய மண்ணைக் கழுவி எடுக்கலாம், ஆழமாகக் குத்தி நிற்பதை மட்டும் பிடுங்காதீர்கள்.

இனிதான் முக்கியமான வேலை. முழங்காலில் தோலுக்கு அடியிலேயே சில்லும் மூட்டும் இருப்பதால், கையில் பட்ட அதே நீள வெட்டைவிட இது வில்லங்கமானது. மஞ்சளாக, பிசுபிசுவென்று எண்ணெய் மாதிரி ஏதாவது கசிகிறதா? மூட்டு திறந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. படுத்தபடி காலை மடக்காமல் நேராகத் தூக்க முடியவில்லையா, பாதம் மரத்துப்போகிறதா? அதற்கும் அப்படித்தான். வெட்டின் வாய் பிளந்து நின்றால் தையல் போட வேண்டியிருக்கும், காலையில் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கட்டு மறைப்பதற்குள் போட்டோ எடுத்துவிடுங்கள். முழுக் காலும் தெரிய ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கிட்டத்தில் ஒன்று. கூடவே எழுத வேண்டியவை: தேதி, நேரம், இடம், எதில் வெட்டியது, நீளம், எந்தக் கால் (இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்), கடைசியாக டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்ட வருடம். மண்பட்ட காயமாக இருந்து, ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போடச் சொல்வார்கள். சின்ன, சுத்தமான காயத்துக்கு 10 வருடம்.

விபத்து என்றால் பெரியாஸ்பத்திரியிலோ வேறு எங்கேயோ டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். போலீஸ் தொல்லைக்குப் பயந்து "வீட்டுப் படியில விழுந்துட்டேன்" என்று சொன்னால் ஏ.ஆரில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) அதுதான் பதிவாகும், பிறகு இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போது அந்த ஒரு வரியே நம்மைக் கவிழ்த்துவிடும். சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது, கேட்கத் தயங்காதீர்கள்.

அப்புறம் தினமும் கட்டு மாற்றும்போது ஒரு போட்டோ. சிவப்பு பரவுகிற மாதிரி தோன்றினால் அதன் விளிம்பில் பேனாவால் கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டினால், சீழோ காய்ச்சலோ வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சுகர் உள்ளவர்கள் கோடு தாண்டும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். முழங்கால் தையலை எடுக்க 10 முதல் 14 நாள் ஆகும், மடங்கிக்கொண்டே இருக்கிற இடம் அல்லவா. அதுவரை கல்யாணப் பந்தியில் சம்மணம் போடாமல் டேபிளில் உட்காருங்கள்.