சொந்த சர்வர் வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளவுட் பில்லைப் பார்த்து வெறுத்துப்போய், பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு எல்லாவற்றையும் தாங்களே நடத்தலாம் என்று இறங்கும் பிள்ளைகள், பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கமிருந்து என்னிடம் வருகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் சொதப்பிய இடங்களில்தான் இவர்களும் சொதப்புகிறார்கள். பாஸ்வேர்டு, அப்டேட் பற்றியெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள்; அதை விட்டுவிடுகிறேன்.

டாக்கரும் ஃபயர்வாலும்

மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரில் திறந்துவிடும் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்), யுஎஃப்டபிள்யூ என்ற லினக்ஸ் ஃபயர்வாலின் விதிகளுக்குக் கட்டுப்படாது. ஸ்டேட்டஸில் எல்லாம் மூடியிருப்பதாகக் காட்டும், டேட்டாபேஸோ ஊருக்கே திறந்து கிடக்கும். போர்ட்டை 127.0.0.1-க்கு, அதாவது அதே கம்ப்யூட்டருக்கு, மட்டும் கொடுங்கள். அப்புறம் மொபைல் டேட்டாவில் வெளியிலிருந்து ஸ்கேன் செய்து பாருங்கள்.

வீட்டு இணைப்பில் மெயில் சர்வர்

வேண்டாம்.

திறந்தே பார்க்காத பேக்கப்

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். "பேக்கப் எடுக்கியா?" என்றால் "தினமும் ராத்திரி ஓடுது அண்ணாச்சி" என்பார்கள். ரீஸ்டோர் செய்து பார்த்தாயா என்று கேட்டால் பதில் வராது.

ஒரு தம்பியின் பேக்கப் ஃபோல்டரைத் திறந்தேன். தேதி போட்டு வரிசையாக ஃபைல்கள். ஒவ்வொன்றும் 20 பைட். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றிய நாளிலிருந்து அதை நகலெடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. ஆனால் அது தருவதைக் கடத்தும் பைப்பின் மறுமுனையில் இருந்த, ஃபைலைச் சுருக்கும் ஜிஸிப், ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் சுருக்கிவைத்து, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டது. காலியான ஜிஸிப் ஃபைலின் அளவுதான் அந்த 20 பைட். பிழைச் செய்திகளையோ அவனே டெவ் நல் என்ற குப்பைக்குழிக்குத் திருப்பிவிட்டிருந்தான். ஸ்கிரிப்டில், பைப்பின் எந்த முனை தோற்றாலும் பிழை என்று சொல்லும் பைப்ஃபெயில் போட்டு, பிழையை மெயிலுக்கு வரவிட்டிருந்தால் முதல் ராத்திரியே தெரிந்திருக்கும்.

இன்னொன்று, 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நடந்தது. சிந்துபூந்துறையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். மேஜைக்கு அடியில் சர்வர், அதன் பக்கத்திலேயே பேக்கப் டிஸ்க். இரண்டும் சகதியில். அங்கிருந்த பையன் கெட்டிக்காரன். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி நகலெடுக்கும் ரெஸ்டிக் மென்பொருளை வைத்து மதுரையில் மாமா வீட்டுக்கும் ஒரு நகல் அனுப்பிக்கொண்டிருந்தான். நகல் பத்திரமாகவே இருந்தது. அதைத் திறக்கும் பாஸ்வேர்டுதான், முங்கிப்போன சர்வரில் ஒரு ஃபைலில் இருந்தது. ரெஸ்டிக்கில் பாஸ்வேர்டு போனால் போனதுதான். கணக்கையெல்லாம் வாடிக்கையாளர்களிடமிருந்த தாள்களை வாங்கி மறுபடி அடித்தார்கள். ஒரே ஒரு தடவை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து பார்த்திருந்தால், பாஸ்வேர்டு கேட்கும் இடத்திலேயே விஷயம் வெளியாகியிருக்கும்.

"இதுக்குத்தான் கிளவுட்" என்று உடனே யாராவது ஆரம்பிப்பார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

மாதம் ஒருமுறை பழைய லேப்டாப்பில் வெறும் டெபியன் லினக்ஸ் போட்டு, சர்வரைத் தொடாமல், பேக்கப்பிலிருந்து மட்டும் எல்லாவற்றையும் எழுப்புங்கள். நேற்றைய பில் ஒன்றைத் தேடி எடுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு, அதை நகலெடுக்கும் பிஜி டம்ப்பில் யூசர்கள் வரமாட்டார்கள் என்பதே அப்போதுதான் தெரியவரும். அதற்கு பிஜி டம்ப்ஆல் தனியாக ஓட வேண்டும். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, வேறொரு வீட்டு பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள்.

ஒற்றைப் பெட்டிக்குக் குபர்நெட்டிஸ்

பல சர்வர்களில் ஓடும் டாக்கர் மாதிரிப் பெட்டிகளை மேய்க்கும் கருவி அது. எதுக்கு?

யுபிஎஸ் இருக்கே என்ற தைரியம்

மின்வாரியம் பராமரிப்புக்காக காலையில் கரண்டை நிறுத்தினால், மத்தியானம் தாண்டியும் வராது. அதுவரை சாதாரண யுபிஎஸ் தாங்காது. யுபிஎஸ்ஸோடு வந்த யுஎஸ்பி வயர் பெரும்பாலும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அதைச் செருகி, நட் என்ற மென்பொருளைப் போட்டால் பேட்டரி தீருமுன் சர்வர் தானே முறையாக அணையும். கரண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி பயாஸிலும் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பு) மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கடைப் பூட்டைத் திறந்துபோய் நீங்கள்தான் பட்டனை அமுக்க வேண்டும்.